உருளாத உருண்டை

மூன்றாமாண்டு அமைப்பியல் மாணவன்



நமது மாணவர் பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தேன். கவிதை எழுதுகிறவர்கள் எங்கள் வகுப்பிலேயே ஏழு பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. ஆனால் போன வருடக் கல்விச் சுற்றுலாவில் மாமல்லபுரத்தில் பார்த்த ஒரு கல், ஊர் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. அந்தக் கல்லைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம். மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவன் போட்ட கணக்கு, ஆகவே எல்லோருக்கும் புரியும்.

நம் கொங்கு நாட்டில் எல்லாம் இருக்கிறது, கடல்தான் இல்லை. நொய்யல், பவானி, அமராவதி மூன்றும் காவிரியில் போய்ச் சேர்ந்து, அது கடலுக்குப் போவதாகப் புத்தகத்தில் படித்ததோடு சரி. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தோம். சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு போய்ச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். இடது பக்கம் சவுக்குத் தோப்பு. தோப்பின் இடைவெளியில் திடீரென்று ஒரு நீலக்கோடு தெரிந்தது. பஸ்ஸே கத்தியது. நானும் கத்தினேன்.

மாமல்லபுரம் ஒரு காலத்தில் பல்லவர்களின் துறைமுகம். பிறகு வெகுகாலம் மீனவர்கள் வாழும் சிறிய கடற்கரை ஊராக இருந்தது. கப்பலில் வந்த ஐரோப்பிய மாலுமிகள் இதை 'ஏழு கோயில்கள்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். கடலிலிருந்து பார்க்கும்போது கோபுரங்கள்தான் அவர்களுக்குக் கரை அடையாளம். 1984-இல் யுனெஸ்கோ இவ்வூர்ச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு இவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் எழுதவில்லை. கரையில் வரிசையாக ஏற்றி வைத்த பைபர் படகுகள், வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள், தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் என்று அந்த ஊரின் அழகு வேறு மாதிரி இருந்தது. கடல் சத்தத்தையும் உளிச் சத்தத்தையும் ஒரே சமயத்தில் கேட்கும் ஊர் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது, 1957-இல் பயிற்சிப் பள்ளியாக ஆரம்பித்தது.

அர்ச்சுனன் தபசுக்குப் பின்பக்கம், கணேச ரதத்துக்குப் போகிற வழியில் ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. அதன் மேல் தன்னந்தனியாக நிற்கிறது நம் கதாநாயகன். 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை' என்பது இப்போது எல்லோரும் சொல்லும் பெயர். 'வான் இறைக் கல்' என்பது பழைய பெயர் என்கிறார்கள். உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் சுமார் 5 மீட்டர். எடை 250 டன். பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பரப்பு 1.2 மீட்டர்தான், அதாவது 4 அடி. மனிதன் கை படாமல் இயற்கையே வைத்த கல். 2019 அக்டோபர் 11-ஆம் தேதி நம் பிரதமரும் சீன அதிபரும் இதன் முன்னால் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டது பேப்பரில் எல்லாம் வந்தது.

நாங்களும் எடுத்துக்கொண்டோம். எல்லோரும் எடுப்பதுபோலவே, கையை மேலே தூக்கிக் கல்லைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி. கல்லின் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. சின்னப் பிள்ளைகள் சரிவில் உட்கார்ந்து சறுக்கி விளையாடினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சறுக்கியதில் பாறை வழவழவென்று ஆகிவிட்டிருந்தது.

அப்போதுதான் கூட வந்த எங்கள் சார் கேட்டார்: "சிவில்காரனுகளா, இது ஏன் விழல? யாராவது சொல்லுங்க பார்ப்போம்." ஒருத்தன், "கடவுள் அருள் சார்" என்றான். எல்லோரும் சிரித்தோம். சார் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார். ஈர்ப்பு மையம் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பாடத்தில்தான் அரியர். சார் ஒன்றும் திட்டவில்லை. "ஊருக்குப் போயி யோசிச்சிட்டு வா" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்பா சொன்ன பதில்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலேஜில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. என் அப்பா கிணறு வெட்டுகிறவர். காங்கயம் பக்கம், தாராபுரம் பக்கம் அவர் இறங்காத கிணறு குறைவு. போர்வெல் வண்டி வந்த பிறகு கிணற்று வேலை ஏறக்குறைய நின்றுபோய், இப்போது அஸ்திவாரக் குழி, தூர் எடுப்பது என்று கிடைத்த வேலைக்குப் போகிறார். ஒரு தடவை வெடி எதிர்பாராமல் சீக்கிரம் வெடித்ததில் இடது காது கேட்காது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அரியர் விழுந்தபோது, "நானும் உங்க கூடவே வந்தர்றனுங்க" என்று சொன்னேன். அன்றைக்கு அப்பா சோறு திங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை.

சுற்றுலா முடிந்து வந்து செல்போனில் படங்களைக் காட்டினேன். கடலை ஒரு நிமிடம் பார்த்தார். வெண்ணெய் உருண்டை வந்ததும் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, எதுக்கு இத்தன பேரு கல்லத் தாங்கிட்டு நிக்கறீங்க? அதென்ன உழுகவா போகுது?"

"ஏனுங்கப்பா, எதனால உழுகாதுங்க?"

"அது எங்கிருந்தும் உருண்டு வந்த கல்லு இல்ல சாமி. அங்கயே இருந்த கல்லு. சுத்தியும் இருந்த ஓடெல்லாம் கரஞ்சு போயிருச்சு. நாப்பதடி அம்பதடியில எத்தன குண்டு பாத்திருப்பன்! அதுல ஒண்ணு வெளிய நிக்குது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் லைப்ரரிக்குப் போய் நில இயல் புத்தகத்தை எடுத்தேன். அப்பா சொன்னதைத்தான் அதில் நாலு பக்கத்துக்குப் படத்தோடு எழுதியிருந்தார்கள்.

குண்டு பிறக்கும் விதம்

நம் ஊர்க் கிணறு ஒன்றை மேலிருந்து கீழே பாருங்கள். முதலில் செம்மண், பிறகு சரளையும் சுக்காங்கல்லும். அதற்குக் கீழே ஓடு அல்லது ஓடக்கல் என்கிறோமே, கடப்பாறைக்கு உதிர்ந்து வரும் நைந்த பாறை. அதற்கும் கீழே வெடி வைத்தால்தான் அசையும் கரும்பாறை. ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவில்தான் அப்பா சொன்ன 'குண்டு' கிடைக்கும். சுற்றிலும் ஓடு பொலபொலவென்று உதிரும், நடுவில் மட்டும் சம்மட்டிக்கே அசையாத உருண்டைக் கல் இருக்கும். "தேங்காய்க்குள்ள பருப்பாட்ட" என்பார் அப்பா.

இது எப்படி உருவாகிறது? பூமிக்குள் இருக்கும் பெரும்பாறை ஒரே துண்டாக இருப்பதில்லை. அதில் நெடுக்கும் குறுக்குமாக விரிசல்கள் உண்டு. ஒரு விரிசல் செங்குத்து, அதற்குக் குறுக்கே இன்னொன்று, படுக்கை வாட்டில் மூன்றாவது. ஆகப் பாறை பெரிய பெரிய பெட்டிகளாகப் பிரிந்திருக்கிறது, செங்கல் அடுக்கிய மாதிரி. மழைத்தண்ணீர் இந்த விரிசல்களில் இறங்குகிறது. தண்ணீர் சும்மா இறங்குவதில்லை, காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. பாறையில் உள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தை அது மெதுவாகக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. குவார்ட்ஸ் மட்டும் மசியாமல் மணலாக மிஞ்சுகிறது. கடற்கரையில் நாம் காலில் மிதித்த மணலில் பெரும்பங்கு இந்தக் குவார்ட்ஸ்தான்.

இனிதான் முக்கியமான இடம். பெட்டியின் ஒரு முகத்தைத் தண்ணீர் ஒரு பக்கமிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து தாக்கும். மூலையையோ மூன்று பக்கமிருந்து ஒரே நேரத்தில் தாக்கும். அதனால் மூலை முதலில் கரைகிறது, அடுத்து விளிம்பு, முகம் கடைசியில். கல்யாண வீட்டில் பாயசத்துக்குப் போட்ட கற்கண்டைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டம் கட்டமாக உள்ளே போகும், பாதியில் எடுத்துப் பார்த்தால் முனை மழுங்கி உருண்டையாகியிருக்கும். பாறைக்கும் அதே கதைதான், நேரம் மட்டும் அதிகம். சதுரப் பெட்டி, வெங்காயம் உரிவதுபோல் அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாகிறது. இதைக் கோளவடிவச் சிதைவு என்கிறது புத்தகம். அப்பா குண்டு என்கிறார்.

பிறகு மேலே உள்ள மண்ணையும் ஓட்டையும் மழையும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகின்றன. மசியாத குண்டு மட்டும் தன் தாய்ப்பாறை மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. மாமல்லபுரத்துப் பாறையைச் சாதாரணமாகக் கிரானைட் என்கிறோம். அது சென்னை வட்டாரத்தின் மிகப் பழைய கடினப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் உள்ள பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று 1893-இல் ஹாலண்ட் என்ற நில இயலாளர் பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல் அந்தப் பாறையில் செய்யப்பட்டிருந்ததால் அந்தப் பெயர். நம் ஊர்ப் பாறைக்கு யாரோ ஒருவரின் சமாதியிலிருந்து பெயர்! அப்பாவைக் கேட்டிருந்தால் நல்ல பெயராகச் சொல்லியிருப்பார்.

ஆக, 'இந்தக் கல்லை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது?' என்ற கேள்வியே தப்பு. கல் வரவேயில்லை. சுற்றி இருந்ததுதான் போயிற்று. அந்தச் சரிவில் இதுபோல எத்தனையோ குண்டுகள் இருந்திருக்கும். சமநிலை கிடைக்காதவை எப்போதோ உருண்டு போய் உடைந்திருக்கும். நின்றதை மட்டும் நாம் பார்க்கிறோம், பார்த்துவிட்டு அதிசயம் என்கிறோம்.

ஏழு யானைக் கணக்கு

இனி சார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் விழவில்லை?

முதலில் எடையைச் சரிபார்த்தேன். பலகையில் எழுதியதை நம்பக்கூடாது என்று எங்கள் லேபில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 6 மீட்டர் விட்டமுள்ள முழு உருண்டை என்று வைத்தால் கன அளவு 113 கன மீட்டர். கிரானைட் கன மீட்டருக்கு 2.7 டன், ஆகவே 305 டன் வருகிறது. உயரம் 6, இரு பக்க அகலமும் 5 என்று முட்டை வடிவமாக வைத்தால் 78.5 கன மீட்டர், 212 டன். கல்லின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு பகுதி வெட்டினாற்போல் இல்லை, முன்னாலிருந்து பார்க்கும்போதுதான் முழு உருண்டை. எனவே 250 டன் என்பது நியாயமான எண்தான். அதையே வைத்துக்கொள்வோம்.

ஒரு பொருள் விழாமல் நிற்க, அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் தூக்குக்குண்டு நூல் அடிப்பரப்புக்குள் விழ வேண்டும். கொத்தனார் சுவர் கட்டும்போது பார்க்கிற அதே தூக்குக்குண்டுதான். நூல் அடிப்பரப்பைத் தாண்டி வெளியே போனால் பொருள் கவிழும். பேரிங்கில் இருக்கும் இரும்புக் குண்டு, தரையை ஒரு புள்ளியில்தான் தொடும், அதனால் ஊதினாலே உருளும். வெண்ணெய் உருண்டை பெயருக்குத்தான் உருண்டை. அதற்கு 1.2 மீட்டர் அகலத்துக்கு அடி இருக்கிறது. நம் ஆட்டாங்கல் குழவியை அடி தட்டையாக்கி நிறுத்தினால் நிற்குமல்லவா, அதுபோல.

எவ்வளவு பலமாக நிற்கிறது? ஈர்ப்பு மையம் அடிப்பரப்பின் நடுவுக்கு நேர் மேலே, 3 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கவிழ்க்க வேண்டுமென்றால் அடியின் ஒரு விளிம்பை அச்சாக வைத்துத்தான் கவிழ்க்க முடியும். நடுவிலிருந்து விளிம்பு 0.6 மீட்டர். கல்லை நிறுத்தி வைக்கும் திருப்புத்திறன் 250 × 0.6 = 150 டன்-மீட்டர். கல்லின் நடு வயிற்றில், 3 மீட்டர் உயரத்தில் வடம் கட்டி இழுத்தால் 150 ÷ 3 = 50 டன் விசை வேண்டும். தலைக்குப் பக்கத்தில் 5 மீட்டர் உயரத்தில் கட்டினால் 30 டன் போதும்.

1908-இல் சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் லாலி, இந்தக் கல் உருண்டு ஊர்மேல் விழுந்துவிடும் என்று பயந்து, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம். கல் அசையவில்லை என்று கைடுகள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு யானையின் எடை 4 டன் என்றால் ஏழு யானை 28 டன். எந்த மிருகமும் தன் காலுக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தை வைத்துத்தான் இழுக்க முடியும். கூடிப்போனால் தன் எடைக்குச் சமமான விசை, அதுவும் அந்த வழவழப்புப் பாறையில் கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் 28 டன். தேவை 30 முதல் 50 டன். ஈர்ப்பு மையம் சரியாக நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருந்தால் எண்கள் கொஞ்சம் மாறும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை நிஜமோ மிகையோ, கணக்கு யானைகளுக்குச் சாதகமாக இல்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த ராத்திரி எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மெக்கானிக்ஸ் புத்தகத்தை முதல் தடவையாக நானே போய்த் திறந்தது அன்றைக்குத்தான்.

காற்றைப் பார்ப்போம். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. சென்னைப் பகுதிக்கு ஐ.எஸ். 875 நெறிமுறையில் கட்டட வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தம். கல்லின் முகப்பு சுமார் 24 சதுர மீட்டர். மொத்தம் 36,000 நியூட்டன், ஏறத்தாழ 3.7 டன். 3 மீட்டர் உயரத்தில் அதன் திருப்புத்திறன் 11 டன்-மீட்டர். எதிரே நிற்பது 150. தென்னை சாயும், கரண்டுக் கம்பம் சாயும், இது சாயாது.

கவிழாது, சரி. வழுக்காதா? இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சரிவு 45 டிகிரி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். 45 டிகிரிச் சாய்தளத்தில் ஒரு பொருள் வழுக்காமல் நிற்க உராய்வுக் கெழு 1 ஆவது இருக்க வேண்டும். பாறைக்கும் பாறைக்கும் சாதாரணமாக 0.6, 0.7 என்றுதான் வரும். அது 31 முதல் 35 டிகிரி வரைதான் தாங்கும். அப்படியானால் 250 டன் எப்போதோ வழுக்கி இறங்கியிருக்க வேண்டும். பிறகுதான் ஞாபகம் வந்தது: நாங்கள் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டே கல் வரைக்கும் நடந்து ஏறினோமே! 45 டிகிரிப் பாறையில் நடந்து ஏற முடியுமா? கல் நிற்கும் இடத்தில் சரிவு அதைவிடக் குறைவாகத்தான் இருந்தாக வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "குண்டுக்கு அடியில எப்பவும் சித்த பள்ளமாத்தாண்டா இருக்கும். அதும் அடியும் ஒண்ணா இருந்ததுதான?" என்றார். மேல்கல்லும் அடிப்பாறையும் ஒரே பாறையின் இரண்டு பங்கு. வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த கல்லாக இருந்தால் இப்படிப் பொருந்தி உட்கார்ந்திருக்காது.

கல் வைத்திருக்கும் கணக்கு

இப்படித் தொங்குகிற மாதிரி நிற்கும் கற்கள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. பர்மாவில் கியாய்க்டியோ என்ற இடத்தில் மலை விளிம்பில் நிற்கும் கல்லுக்குத் தங்க ரேக் ஒட்டி, மேலே சின்ன பகோடா கட்டிக் கும்பிடுகிறார்கள். நம் நாட்டில் ஜபல்பூரில் ஒரு சமநிலைப் பாறை இருக்கிறது. 1997 மே 22-இல் அங்கே நிலநடுக்கம் வந்து வீடுகள் இடிந்தபோதும் அது விழவில்லை.

இந்தக் கற்களை வைத்து ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நெவாடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூன் என்ற நிலநடுக்க ஆய்வாளர், 1990-களில் பாலைவனத்தில் இப்படிப்பட்ட கற்களைத் தேடித் தேடி அளந்தார். எந்த அளவு அதிர்வு வந்தால் இந்தக் கல் விழும் என்று கணக்குப் போட்டால், கல் இன்னும் நிற்பதால், அது வெளியே தெரிந்த நாளிலிருந்து அவ்வளவு பெரிய அதிர்வு அந்த இடத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். கருவி கண்டுபிடிப்பதற்கு முன்னால் வந்த நிலநடுக்கங்களுக்கும் கல் சாட்சி சொல்கிறது.

நம் உருண்டைக்கும் அதைப் போட்டுப் பார்க்கலாம். 0.6-ஐ 3-ஆல் வகுத்தால் 0.2. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் தரை ஆடினால் கல் ஒரு விளிம்பில் எழும்பத் தொடங்கும். எழும்பினாலும் உடனே விழாது, அந்த ஆட்டம் கொஞ்ச நேரம் நீடிக்க வேண்டும். இது என் தோராயக் கணக்கு. நிஜமாகச் செய்ய வேண்டுமென்றால் கல்லின் அடியைச் சரியாக அளக்க வேண்டும்.

நிலநடுக்கம் எல்லாம் குஜராத்துக்கும் அசாமுக்கும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி நம் கோயம்புத்தூரிலேயே நிலநடுக்கம் வந்திருக்கிறது. அளவு ஏறத்தாழ 6. தென்னிந்தியாவில் பதிவான பெரிய நிலநடுக்கங்களில் அது ஒன்று. 2002-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1893 நெறிமுறையில் கோவையும் சென்னையும் மண்டலம் 3-இல் வைக்கப்பட்டன. நாளைக்கு நாம் பிளான் போடும்போது, சைட் இன்ஜினியராக நிற்கும்போது, 'நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது' என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல நினைத்தேன். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த அப்பா, ஒரு பாறையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதைப் பார்த்து நிறுத்தினார். நான் அதைக் கவனிக்கவேயில்லை, பின்னணியில் தற்செயலாக விழுந்திருந்தது. "இது ஆப்படிச்ச குழி" என்றார். பாறையில் கோடு போட்ட மாதிரி குழிகள் வெட்டி, ஆப்பு இறக்கி, எல்லா ஆப்பையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே வந்தால் பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். அந்த ஊரில் பாதியில் நின்றுபோன வேலைகள் நிறைய இருப்பதால் இந்தக் குழிகளை இன்றும் பல பாறைகளில் பார்க்கலாம். யார் எப்போது அடித்த குழியோ, அப்பாவுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. "எடவெளி சரியா வுட்டிருக்கான்" என்று, பக்கத்து ஊர் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

மெக்கானிக்ஸ் அரியரை நவம்பரில் எழுதினேன். பாஸ். மார்க் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். சாரிடம் போய் யானைக் கணக்கைக் காட்டினேன். அவர் ஒரு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, சரிவின் கீழ்ப்பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். அதை இன்னும் போட்டு முடிக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். 'கிணறு வெட்டுகிறவர்' என்று வந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதுக்கு அடியில தண்ணி போகுதா?"

மழை பெய்தால் சரிவில் ஓடும் தண்ணீர் கல்லின் அடிக்குள் நுழைகிறதா, அடி ஓடாகிக்கொண்டு வருகிறதா என்பது அவர் கேள்வி. 250 டன் நிற்பது அந்த 4 அடியில்தான். நானும் அதைப் பார்க்கவில்லை, எங்கள் வகுப்பில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றோம்.

அடுத்த லீவில் அப்பாவைக் கூட்டிப் போவதாக இருக்கிறேன். அவர் இன்னும் கடல் பார்த்ததில்லை. கல்லைத் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன் என்கிறார். கணீர் என்றால் கல், சொத்தென்றால் ஓடு. அதெல்லாம் தொல்லியல் துறை இடமுங்க, சுத்தியல் கொண்டுபோனா உள்ளேயே விடமாட்டாங்க என்றேன்.

"சுத்தி எதுக்குடா?" என்று கையை மடக்கி முட்டியைக் காட்டினார்.